எது பழகும், எது பழகாது: காதுக் கருவி ஒன்றின் மதிப்புரை

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். நேர்காணல், கூட்டம், விசாரணை, கருத்தரங்கு என்று யார் யாரோ பேசியதை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்தே தலை நரைத்துவிட்டது. இரண்டு காதிலும் கூர்மையான ஒலிகள் மங்கிவிட்டன என்று, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்பதை அளந்து வரையும் ஆடியோகிராம் காட்டியபோது, கருவி வேண்டுமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமிருக்கவில்லை. எந்தக் கருவி, யாரிடம் என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஒரு ஜோடி வாங்கி மாதக்கணக்கில் அணிந்த பிறகு இதை எழுதுகிறேன். பாதி மதிப்புரை கருவிக்கு, பாதி அதைப் பொருத்திக் கொடுத்த செவித்திறன் மையத்துக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நன்றாக இருக்கிறது. பொருத்திக் கொடுத்த சேவை அதைவிட நன்றாக இருந்தது. கூட வந்த கையேடுதான் மோசம். செல்போனுடன் இணைப்பது எப்படி, சார்ஜ் போடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக விளக்குகிறது. ஆனால் முதல் சில வாரங்களில் மூளை என்ன பாடு படும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. கருவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பக்கம் அது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்கின்றன. சிறிய உடல் பகுதி காதுமடலுக்குப் பின்னால் அமர்கிறது. அங்கிருந்து மயிரிழை போன்ற கம்பி ஒன்று வந்து, அதன் நுனியில் உள்ள ஒலிபெருக்கி காதுத் துளைக்குள் போகிறது. நுனியில் மெல்லிய சிலிக்கன் குமிழ். அதை டோம் என்கிறார்கள். இரவில் பெட்டியில் வைத்தால் சார்ஜ் ஏறிவிடுகிறது, ஒரு முழு நாளுக்குத் தாங்குகிறது. எடை தெரிவதில்லை. மூக்குக் கண்ணாடியோடும் சண்டை இல்லை. இவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லாததால் இதோடு விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் வேலைக்கு உட்கார்ந்தபோது என் விசைப்பலகை ஒவ்வொரு எழுத்துக்கும் ஆணி அடித்தது போல் ஒலித்தது. காகிதத்தைப் புரட்டினால் சரசரப்பு காதைக் கிழித்தது. சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பை, குழாய்த் தண்ணீர், மின்விசிறியின் காற்றுச் சீறல் என்று வீட்டில் இருந்த ஒவ்வொன்றும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டது. பேசுகிறவரின் குரல் அந்த வரிசையில் எங்கோ பின்னால் நின்றது. பெரும்பாலானவர்கள் கருவியைக் கழற்றி வைப்பது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது அதிர்ச்சியாக இல்லை, தொழில் காரணமாக. ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்கும்போது, அந்த அறையில் இருந்த யாருமே கேட்டிராத ஒலிகள் அதில் இருக்கும். "விசிறி இவ்வளவு சத்தமாகவா ஓடியது?" என்று கூட்டம் நடத்தியவர்களே வியப்பார்கள். ஓடியது. அவர்கள் காதுக்குள்ளும் அந்த ஒலி போனது. ஆனால் மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை மூளை சீக்கிரமே ஓரம் தள்ளிவிடுகிறது. கேட்கும் பாதையில் உள்ள நரம்புச் செல்கள் மாற்றத்துக்குத்தான் துள்ளுகின்றன. மாறாதது தொடரத் தொடர அவற்றின் மறுமொழி தேய்ந்துகொண்டே போகிறது. அதோடு, நேரில் இருப்பவருக்கு இரண்டு காதுகள் உண்டு. குரல் ஒரு திசையிலிருந்தும் விசிறியின் ஓசை வேறு திசையிலிருந்தும் வருவதை வைத்து மூளை இரண்டையும் பிரித்துவிடுகிறது. மேசை நடுவில் வைத்த ஒரே ஒரு மைக்குக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்து விழுகிறது.

காதுக் கருவியின் மைக்கும் அந்த ரெக்கார்டரின் இனம்தான். என்னவோ சில சிப்புகள் கூடுதல். பல ஆண்டுகளாக என் மூளைக்கு வராமலே போன ஒலிகளை அது மொத்தமாக அள்ளிக் கொண்டுவந்து கொட்டியது. எவை வேண்டாதவை என்று மூளை மறுபடி ஒருமுறை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் கழித்தல் எங்கே நடக்கிறது என்று படித்துப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி ஒன்று உண்டு. அது மூளையின் உச்சியில் மட்டும் நடப்பதல்ல, காதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. உள்காதில், நத்தை ஓடு வடிவ உறுப்பில், ஏறக்குறைய 3,500 உள்வரிசை மயிர்ச்செல்களும் 12,000 வெளிவரிசை மயிர்ச்செல்களும் இருக்கின்றன. கேட்டதை மூளைக்குச் சொல்வது பெரும்பாலும் உள்வரிசையின் வேலை. வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன. வில்லியம் பிரவுனல் 1985இல் இந்த அசைவைக் கண்டு எழுதினார். மூளைத்தண்டிலிருந்து நரம்புக் கற்றை ஒன்று கீழே இறங்கி இந்த வெளிவரிசைச் செல்களைத் தொடுகிறது. அதை கிராண்ட் ராஸ்முசன் 1946இலேயே விவரித்துவிட்டார். பெருக்கத்தைக் குறைக்கச் சொல்லும் கட்டளை அந்தக் கற்றை வழியே போகிறது. அதாவது, ஒலி மேலே வந்து சேர்வதற்கு முன்பே மூளை கீழே கையை நீட்டி அதன் அளவை மாற்றுகிறது. வயதாலும் இரைச்சலாலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இந்த வெளிவரிசைதான். என் காதிலும் அப்படித்தான் என்று, மையத்தில் காதைச் சோதித்துக் கருவியைப் பொருத்திக் கொடுத்த செவித்திறன் நிபுணர், அதாவது ஆடியாலஜிஸ்ட், சொன்னார்.

அந்த ஆடியாலஜிஸ்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் மகள் வயதுதான் இருக்கும். கருவியை எடுத்துக் காட்டுவதற்கு முன்பே, "அம்மா, உங்களுக்கு எந்த மாதிரிச் சொற்கள் தவறுகின்றன?" என்று கேட்டார். யாரும் அதுவரை கேட்காத கேள்வி. யோசித்துவிட்டு, "பெயர்களும் எண்களும்" என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

இந்தப் பெயர், எண் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காது மங்குகிறது என்பதை மூளை நீண்ட காலம் மறைத்து வைக்கும். அதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ரிச்சர்ட் வாரன் 1970இல் ஒரு சோதனை செய்தார். பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவே ஓர் ஒலியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வாக்கியம் முழுமையாக இருந்தது என்றார்கள். இருமல் எந்த எழுத்தின் மேல் விழுந்தது என்று கூட அவர்களால் சரியாகச் சுட்ட முடியவில்லை. இல்லாத எழுத்தை மூளை வாக்கியத்தின் போக்கைப் பார்த்து நிரப்பியது. நிரப்பியதைக் காதால் கேட்டதாகவே அவர்களுக்குக் காட்டியது. பல ஆண்டுகளாக என் மேசையில் நடந்துகொண்டிருந்ததும் இதுவே. 'மழை பெய்து ஏரி நிரம்பியது' என்று ஒருவர் சொன்னால், 'மழை'யில் பாதி காணாமல் போனாலும் ஏரி அதை மீட்டுத் தந்துவிடும். 'நிலத்தை அளந்தவர் பெயர் செழியனா, செல்வனா' என்ற இடத்தில் வாக்கியம் எந்த உதவியும் செய்யாது. அறுபதா எழுபதா என்பதற்கும் துணைக்கு ஆள் கிடையாது. நம் மொழியில் ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பமான வேறுபாட்டில் பெரும் பங்கு 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் கூடக் கூட ஒலி கூர்மையாகும்) வரையிலான பகுதியில் இருக்கிறது. ச, ஸ, ஷ ஒலிகளின் சீறல் அதற்கும் மேலே. என் ஆடியோகிராம் கோடு சரியத் தொடங்குவது அந்த வட்டாரத்தில்தான்.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. தொலைபேசி வழி எடுத்த நேர்காணல்களை எழுத்தாக்குவதில் எனக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்தும். நான் இழந்த பகுதியில் பெரும்பங்கை அந்தத் தடமே எல்லோருக்கும் வெட்டிவிடுகிறது. ஆணின் குரலில் அடிப்படைச் சுருதி 100 ஹெர்ட்ஸ் சுற்றி இருக்கும். அதுவும் தடத்தில் வராது. ஆனாலும் தொலைபேசியில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறது, ஏனென்றால் மேலே அதன் மடங்குகளாக உள்ள அடுக்கு ஒலிகளின் இடைவெளியைக் கொண்டு மூளை அந்தச் சுருதியைத் தானே கணித்துக்கொள்கிறது. ஆகவே தொலைபேசியில் நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து யாரும் தம் காதுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேவைக்கு வருகிறேன். இந்த மையத்துக்கு முன் வேறொரு கடையில் கருவி ஒன்றை அணிந்து பார்த்தேன். ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றினார்கள், ஒரு பொத்தானை அழுத்தினார்கள், காதில் மாட்டினார்கள். என் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறதே என்றேன். "பழகிவிடும்." தட்டு ஒன்று விழுந்தால் வலிக்கிறது என்றேன். "பழகிவிடும்." தாடையை அசைத்தால் கீச்சென்று விசில் வருகிறது என்றேன். அதற்கும் அதே பதில். எழுந்து வந்துவிட்டேன்.

இதில் எனக்கு இருக்கும் கோபம் சிறியதல்ல. பழகும் என்பது உண்மை. ஆனால் எல்லாம் பழகாது. மூளை சரிசெய்துகொள்ளும் குறைகள் வேறு, திருகாணியைத் திருப்பி மனிதர் சரிசெய்ய வேண்டிய குறைகள் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் காதைக் கொடுக்க வேண்டும்.

பானைக்குள்ளிருந்து வரும் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பேசும்போது குரலின் அதிர்வு எலும்பு வழியாகவும் காதுத் துளைக்கு வருகிறது. துளை திறந்திருந்தால் அதன் தாழ்ந்த ஒலிகள் வெளியே தப்பித்துவிடும். இறுக்கமான குமிழால் அடைத்தால் உள்ளேயே சிக்கிச் செவிப்பறையில் மோதும். விரலால் காதை அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், அதுதான். இது காற்றும் துளையும் சம்பந்தப்பட்ட விஷயம். வாரக்கணக்கில் பொறுத்தாலும் பௌதிகம் இளகாது. எனக்குத் தாழ்ந்த ஒலிகள் இன்னும் நன்றாகவே கேட்பதால், ஓட்டைகள் உள்ள திறந்த குமிழ் போதும். இந்த மையத்தில் குமிழை மாற்றியதும் அந்த நிமிடமே பானை உடைந்தது.

ஆனால் குமிழை மாற்றிய பிறகும் என் குரலில் ஏதோ ஒரு மெல்லிய உலோகச் சாயல் மிச்சம் இருந்தது. "இது பழகும், அம்மா. சில வாரம் பொறுங்கள்" என்றார் ஆடியாலஜிஸ்ட். காரணத்தையும் சொன்னார். நாம் பேசத் தொடங்கும்போதே, என்ன ஒலி வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு பேச்சுப் பகுதியிலிருந்து கேட்கும் பகுதிக்குப் போய்விடுகிறது. எதிர்பார்த்தபடியே குரல் வந்தால் மூளை அதற்கு அடக்கமாகவே மறுமொழி கொடுக்கும். கருவி வழியே வரும் குரல் சில மில்லிநொடி தாமதித்து, மேல் ஒலிகள் தூக்கலாக வருகிறது. முன்னறிவிப்போடு ஒத்துப்போகாததால் மூளை அதை அந்நியக் குரலாக எண்ணித் திரும்பிப் பார்க்கிறது. நாள் முழுக்க அணிந்து, வாய்விட்டுப் பேச, முன்னறிவிப்பு திருத்தப்படுகிறது. தினமும் காலையில் முந்தைய நாள் தட்டச்சு செய்த பக்கங்களை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். எந்த நாளில் அந்தச் சாயல் போனது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் தேடிப் பார்த்தேன், இல்லை.

விசைப்பலகை ஆணி அடித்ததும் பழகும் வகையைச் சேர்ந்ததுதான். காதுக்கு ஒலி குறைவாகப் போகும்போது மூளை சும்மா இருப்பதில்லை, தன் பக்கத்துப் பெருக்கத்தை ஏற்றிக்கொள்கிறது. கிரெய்க் ஃபார்ம்பியும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் இதை எளிமையாகக் காட்டினார்கள். நல்ல செவித்திறன் உள்ளவர்களை இரண்டு வாரம் காதடைப்பான் அணியச் செய்தார்கள். கழற்றிய பிறகு அவர்களுக்குச் சாதாரண ஒலிகள் முன்பைவிடச் சத்தமாகக் கேட்டன. இரண்டு வாரம் மெல்லிய இரைச்சலைக் காதில் ஒலிக்கவிட்டபோது நேர்மாறாக ஆயிற்று. என் காதுகள் ஆண்டுக்கணக்கில் காதடைப்பான் அணிந்திருந்தன என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் தொடக்கத்தில் முழுப் பெருக்கத்தையும் தராமல் குறைவாக வைத்து, வாரம் போகப் போகத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி கருவியில் அமைத்துக் கொடுத்தார். வேண்டாத ஒலி என்று பயந்து அமைதியான அறையில் கழற்றி வைத்தால் மூளையின் பெருக்கம் இறங்கவே இறங்காது என்றும் எச்சரித்தார். யாரும் பேசாத மாலை நேரத்திலும் அணிந்திருந்தேன். காகிதம் மறுபடி வெறும் காகிதமாயிற்று.

இந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு காலம் என்பதில் ஆய்வாளர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், கருவியால் பேச்சு புரியும் பயன் 6 முதல் 12 வாரங்கள் வரை மெல்ல மெல்ல வளர்ந்ததைக் காட்டினார். பின்னால் வந்த சில ஆய்வுகளில் வளர்ச்சி அவ்வளவு பெரிதாக இல்லை. என் அனுபவத்தில், சத்தம் பொறுத்துக்கொள்ளும்படி ஆவது சீக்கிரம்; கூட்டத்தில் ஒருவர் பேச்சைத் தொடர்ந்து பிடிப்பது மெதுவாகத்தான் வந்தது.

தட்டு விழுந்தால் வலிப்பது? அது பழக விடக்கூடாதது. காது மங்கியவருக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு பெரிதாகவே கேட்கும். இடைப்பட்ட இடம் குறுகிவிடுகிறது. அதற்காகத்தான் கருவி மெல்லியதை நிறையவும் பெரியதைக் கொஞ்சமும் தூக்க வேண்டும். உச்ச அளவுக்கு ஒரு கூரையும் போட வேண்டும். ஆடியாலஜிஸ்ட் என் இரு காதிலும் நூல் போன்ற மெல்லிய குழாயைச் செவிப்பறைக்கு அருகே வரை செலுத்தி, கருவியையும் மாட்டி, பதிவு செய்த பேச்சை ஒலிக்கவிட்டு, செவிப்பறைக்கு முன்னால் எவ்வளவு ஒலி வந்து சேர்கிறது என்று திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். ரியல் இயர் அளவீடு என்று பெயர். ஒவ்வொருவர் காதுத் துளையும் ஒவ்வொரு நீளம், அகலம் என்பதால், கணினி போடும் கணக்கும் காதில் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. என் வலது காதில் மேல் ஒலிகள் கணக்கைவிடக் குறைவாகப் போவதை நானே திரையில் பார்த்தேன். தெரிந்திருக்காவிட்டால், குறைவாகப் போனதற்கும் 'பழகிவிடும்' என்றுதானே சொல்லியிருப்பார்கள். போகாத ஒலிக்கு மூளை எப்படிப் பழகும்?

விசில் சத்தமும் அப்படித்தான். குமிழின் அளவை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்ததும் நின்றது.

திசை விஷயத்தில் எனக்குக் கிடைத்தது இனிய வியப்பு. ஒலி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் அருகிலுள்ள காதுக்குச் சற்று முன்னதாக வந்து சேரும். அதிகபட்ச வித்தியாசமே 600 முதல் 700 மைக்ரோநொடி வரைதான்; அதைக் கொண்டே மூளை இடமா வலமா என்று தீர்மானிக்கிறது. மேலா கீழா, முன்னா பின்னா என்பதற்கு ஒலி காதுமடலின் மடிப்புகளில் பட்டுத் தெறிப்பதால் வரும் சாயல்தான் குறிப்பு. இந்த வகைக் கருவியின் மைக் மடலுக்கு மேலே இருப்பதால் அந்தச் சாயல் கெடுகிறது. முதல் நாட்களில் பின்னாலிருந்து கூப்பிட்டால் முன்னால் தேடினேன். நெதர்லாந்தில் ஹாஃப்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட சோதனை எனக்குத் தைரியம் கொடுத்தது. சிலருடைய காதுமடலில் சிறு அச்சுகளைப் பொருத்தி அதன் வடிவத்தை மாற்றினார்கள். மேல் கீழ் திசையறிவு அந்தக் கணமே குழம்பியது. ஆறு வாரங்களுக்குள் அவர்கள் புதிய காதால் மறுபடி கற்றுக்கொண்டார்கள். அச்சுகளைக் கழற்றியபோது பழைய திறன் உடனே திரும்பிவிட்டது. புதியது பழையதை அழிக்கவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன! இரவில் கருவியைக் கழற்றிய பிறகும் காலையில் மாட்டிய பிறகும் எனக்குத் திசை தடுமாறாததைப் பார்க்கும்போது, அந்தக் கண்டுபிடிப்பை நினைத்து மகிழ்கிறேன். முன் பின் குழப்பம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி கருவியின் குறைகள்.

பெரிய குறை, கூட்ட இரைச்சலுக்கு என்று தனியாக வைத்திருக்கும் அமைப்பு. விளம்பரம் இதைத்தான் அதிகம் பாடுகிறது. இரைச்சலைக் குறைக்கிறது, சோர்வு குறைகிறது, அது உண்மை. ஆனால் பேச்சு அதனால் மட்டுமே தெளிவாகிவிடுவதில்லை. முன்னால் இருப்பவரைத்தான் நான் கேட்க விரும்புகிறேன் என்று கருவி முடிவு செய்துகொண்டு பக்கவாட்டு ஒலியை மங்கவைக்கிறது. மேசையில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசும் பேத்தியின் குரல் அதோடு போய்விடுகிறது. யாரைக் கேட்க வேண்டும் என்பது என் மனத்தில் இருக்கிறது, கருவிக்கு அது தெரியாது. 2012இல் மெஸ்கரானியும் சாங்கும் செய்த ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்வாய்கள் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார்கள். மூளையின் பதிவிலிருந்து ஒலியை மீட்டுப் பார்த்தபோது, அவர்கள் கவனித்த குரல்தான் துலக்கமாக வந்தது, மற்றது மங்கியிருந்தது. இந்த வடிகட்டலுக்கு ஈடான எதையும் இந்தக் கருவி செய்வதில்லை. நான் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, எல்லாத் திசையும் திறந்திருக்கும் சாதாரண அமைப்பிலேயே சாப்பாட்டு மேசையில் உட்காருகிறேன். மூளைக்கு வேலை அதிகம், ஆனால் பேத்தி கிடைக்கிறாள்.

இப்படிக் கழித்தாலும் மூளை மற்றக் குரல்களை அடியோடு விட்டுவிடுவதில்லை என்பதும் ஒரு நிம்மதி. காலின் செர்ரி 1953இல் ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறு காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியது கூடப் பலருக்குத் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியது தெரிந்தது. நெவில் மோரே 1959இல் வெளியிட்ட சோதனையில், கவனிக்காத காதில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கருவியின் இரைச்சல் அமைப்பு பக்கவாட்டை மூடிவிட்டால் இந்தக் காவலுக்கும் இடமில்லை.

இசைக்கு என்று தந்திருக்கும் அமைப்பும் அரைகுறைதான். விசிலைத் தடுக்கும் பொறி, புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தையும் விசில் என்று எண்ணி அடக்கப் பார்க்கிறது, ஸ்வரம் நடுங்குகிறது. ஆடியாலஜிஸ்டிடம் சொன்னபோது இசை அமைப்பில் மட்டும் அந்தப் பொறியைத் தளர்த்திக் கொடுத்தார். நடுக்கம் பெரும்பாலும் நின்றது. செல்போனில் வீடியோ பார்க்கும்போது, கருவிக்கு நேரடியாக வரும் ஒலி உதட்டசைவுக்குச் சற்றுப் பின்தங்குகிறது. என்னைப் போல உதட்டையும் சேர்த்துக் கேட்கப் பழகியவர்களுக்கு இது சிறு குறையல்ல. 'ப' என்ற ஒலியை, 'க' சொல்லும் உதட்டோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கு 'த', 'ட' போன்ற ஒன்று கேட்கும் என்று மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976இல் காட்டியிருக்கிறார்கள். கண்ணும் காதுக்குச் சேதி சொல்கிறது. அந்தச் சேதி தாமதமாகும் இடத்தில் எனக்கு மீண்டும் பெயர்கள் தவறுகின்றன.

தொழிலுக்கு எப்படி என்று கேட்பீர்கள். கருவியின் மேல் ஹெட்போன் மாட்டினால் சில மாதிரிகளில் விசில் வருகிறது. காதை முழுதாகச் சூழும் பெரிய ஹெட்போனில் வரவில்லை. கணினியிலிருந்து நேராகக் கருவிக்கே ஒலியை அனுப்புவது அதைவிட வசதி. உதடு பார்க்கத் தேவையில்லாத வேலை என்பதால் தாமதம் பொருட்டில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. வேலை முடிந்து எழும்போது தலை கனப்பதில்லை. நிரப்பும் வேலையிலிருந்து மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மெழுகுத் தடுப்பி பற்றி ஒரு வார்த்தை. காதுக் குறும்பி உள்ளே போகாமல் தடுக்க ஒலிபெருக்கியின் நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளி அது. அடைத்துக்கொண்டால் ஒலி மெல்ல மெல்ல மங்கும். மங்குவது மெதுவாக நடப்பதால் மூளை அதற்கும் ஒத்துப்போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஒலி குறைந்ததாகத் தோன்றும் வரை காத்திருக்காமல் குறித்த நாளில் மாற்றிவிடுங்கள்.

வாங்கப்போகிறவர்கள் மையத்தில் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது: செவிப்பறைக்கு அருகில் குழாய் வைத்து அளப்பார்களா? அமைதியான அறையில் பீப் ஒலிச் சோதனையோடு, இரைச்சலின் நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையும் செய்வார்களா? இரண்டாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், குஜாவாவும் லிபர்மனும் 2009இல் எலிகளில் காட்டியபடி, இரைச்சலுக்குப் பிறகு மெல்லிய ஒலி கேட்கும் திறன் பழையபடி திரும்பினாலும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அறுந்து போகக்கூடும். பீப் சோதனையில் அது தெரியாது. கடைசியாக, பொருத்திய பிறகு மறுபடி மறுபடி வந்து திருத்திக்கொள்ள அனுமதி உண்டா? இந்த மையத்தில் உண்டு. ஒவ்வொரு முறையும் என் குறைப்பட்டியலை வாங்கிப் பார்த்து, சிலவற்றின் எதிரே 'காத்திருப்போம்' என்றும் சிலவற்றின் எதிரே 'இப்போதே' என்றும் எழுதி, இரண்டாவது வகையை நான் எழுவதற்கு முன் முடித்துக் கொடுத்தார்.

பட்டியலில் இப்போது மிச்சம் இருப்பவை முன் பின் குழப்பமும், நீள மேசையின் மறுமுனையில் பேசுகிறவரும். இரண்டாவதற்கு மேசைமேல் வைக்கும் தனி மைக் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அதை இரவல் வாங்கிப் போகிறேன். பெயர்கள் எப்படி வருகின்றன என்று பார்த்துவிட்டு இதன் கீழேயே சேர்க்கிறேன்.